கணக்கு ஓடாத மூளையா?

"இவனுக்குக் கணக்கு மூளை இல்லை." பெற்றோர் சந்திப்பு முடிந்து திரும்பும்போது எமது வீடுகளில் விழும் தீர்ப்பு இது. இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் பதினாறு வயதுக்குப் பின் அப்பாடத்தைக் கைவிடலாம். தீர்ப்பைச் சுமந்த பிள்ளை அத்தோடு விட்டும் விடுகிறது.

2025 யூலையில் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பேச்சை மறுபடி கிளப்பியிருக்கிறது. சரே பல்கலைக்கழகத்தின் ரோய் கோஹன் கடோஷ் குழுவினர் 18 முதல் 30 வயதுவரையான 72 பேருக்கு ஐந்து நாட்கள் கணக்குப் பயிற்சி கொடுத்தனர். மூளையின் முன்பகுதிக்கும் உச்சிப்பகுதிக்கும் இடையிலான தொடர்பு பலவீனமாக இருந்தவர்களுக்கு, முன்பகுதியில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது கற்றல் முன்னேறியது. இதைப் பார்த்து இணையத்தில் கருவி தேடி வாங்க வேண்டாம். இது வளர்ந்தவர்களிடம் ஆய்வுகூடத்தில் நடந்த சோதனை.

எமக்கு முக்கியமானது, கோஹன் கடோஷ் ஒக்ஸ்போர்ட்டில் இருந்தபோது 2021இல் வெளியான ஆய்வு. கணிதத்தைக் கைவிட்ட மாணவர்களின் மூளை முன்பகுதியில் 'காபா' என்ற இரசாயனம் குறைவாக இருந்தது. ஆனால், கைவிட எண்ணியிருந்தும் இன்னும் படித்துக்கொண்டிருந்த இளைய மாணவர்களிடம் அந்த வித்தியாசம் காணப்படவில்லை. அதாவது, வித்தியாசம் தெரிந்தது கைவிட்ட பின்னரே. மாணவர்கள் தாமாகவே தெரிவுசெய்ததால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் "பிறப்பிலேயே இல்லை" என்ற எமது தீர்ப்புக்கு இது துணை நிற்கவில்லை.

கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு ஒன்று தெரியும். ஐந்தொகை ஒரு திகதியின் நிலையை மட்டுமே காட்டும். அடுத்த வருடத்தில் வியாபாரம் என்ன செய்யும் என்பதைக் காட்டாது. மூளைப் படமும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பரீட்சைப் புள்ளியும் அப்படித்தான்.

இதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ஏ லெவல் கணிதத்துக்குள் தள்ள வேண்டியதில்லை. 2014இல் அறிமுகமான 'கோர் மத்ஸ்' என்ற பாடம் ஏ லெவலின் பாதி அளவானது. வரி, வட்டி, புள்ளிவிபரம் போன்ற அன்றாடக் கணிதம் அதில் உண்டு. பாடசாலையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். எண்களோடு உண்மையாகவே மல்லுக்கட்டும் பிள்ளையென்றால், கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்கும்படி கேட்பதில் வெட்கமில்லை.

இன்னொரு ரியூசனுக்குக் காசு கட்டுமுன், சாப்பாட்டு மேசையில் சொல்லும் அந்த ஒரு வசனத்தை நிறுத்துவோம். அதற்குச் செலவில்லை.