ஆட்டத்தில் சரீரத்துக்கும் இடம் வேண்டும்

2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டினத்தில், நாளைய விஞ்ஞானிகளாக வளர வேண்டிய பிள்ளைகளுக்கு ஞாபகசக்தியை விருத்தி செய்யும் கணினி விளையாட்டுகளை அமைக்க முற்படுவோர் எவராயினும், முதலில் அப்பிள்ளைகளை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கணக்கின் நடுவே மீதி வந்த எண்ணை மறவாமல் அடுத்த படியையும் முடிக்கத் துணைபுரியும் ஆற்றலைச் செயல்நினைவு என்பர். ஒரே சமயத்தில் ஏறத்தாழ நான்கு செய்திகளையே அது தாங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001-ல் எடுத்துரைத்தார். இதனை வளர்ப்பதற்கென அமைந்த கணினிப் பயிற்சிகளில் பழகியவர்கள் அந்தப் பயிற்சியில் தேறுகின்றனரேயன்றி, அத்தேர்ச்சி படிப்பிலும் கணக்கிலும் பிரதிபலிப்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2013-ல் மெல்பி-லெர்வாக், ஹுல்ம் என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினர். ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டின்மீது, லூமோசிட்டி என்னும் மூளைப்பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

நமக்கோ அவதானம் என்னும் அரிய கலை உண்டு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்து, 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரைத் தென்னாடு நன்கறியும். முதுகில் வந்து விழும் கற்களையும் இடையிடையே ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டே, கேட்டவர் கொடுத்த ஈற்றடிக்குச் செய்யுளும் இயற்றும் அக்கலையில், தோலும் செவியும் நாவும் ஒருங்கே நினைவுக்கு ஊழியம் செய்தன. இடையூறே அங்கு அப்பியாசமாயிற்று.

அந்நெறியில், தரையில் ஒளிரும் கட்டங்களைக் கண்ட வரிசையிலும் பின்னர் தலைகீழ் வரிசையிலும் பிள்ளை மிதித்துச் செல்லவும், அதனிடையே மணியோசையை எண்ணவும், ஒரு கேமரா அதன் அடிகளைக் கவனித்துத் தேர்ச்சிக்கேற்பக் கட்டங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யவும் ஒரு விளையாட்டை அமைப்பது இன்று அரிதன்று. நினைவு வளராது போயினும், ஓடியாடிய பயன் சரீரத்துக்குச் சேரும்.

ஆயினும் பள்ளிகள் அதனை விலைகொடுத்து வாங்குமுன் ஒரு பரீட்சை அவசியம். ஒரு சாரார் அதனை ஆட, மற்றொரு சாரார் முற்றத்தில் கோடு கிழித்துப் பாண்டி ஆடட்டும். சில மாதங்கள் கழித்து இரு சாராரின் கணக்கையும் வாசிப்பையும் ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பாண்டியை வெல்லாத யந்திரத்துக்குப் பொதுப்பணத்தில் ஒரு காசும் செலவிடலாகாது.