ஆறும் மீனும் ஒரே டிக்கெட்டிலா?

லீவு நெருங்கினால் தாதர் வீடுகளில் ஊட்டியா, ஊரா என்பதுதான் வழக்கமான வாக்குவாதம். இப்போது பிள்ளைகள் வேறு கேட்கிறார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்க்க வேண்டும், அப்படியே ஆற்றில் மிதந்துபோக வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மாமா பையன் அனுப்பிய வீடியோ செய்த வேலை இது.

ஆர்லண்டோவில் அது உண்டு. 2000-இல் திறக்கப்பட்ட டிஸ்கவரி கோவ் பூங்காவில் செயற்கைப் பவளத்திட்டு ஒருபுறம், வளைந்து ஓடும் செயற்கை ஆறு மறுபுறம். மும்பைப் பக்கத்து நீர்ப் பூங்காக்களில் ஆறு கிடைக்கும், மீன் கிடைக்காது. ஆயிரக்கணக்கானோர் குளிக்கும் குளத்தில் குளோரின் கலந்தே ஆகவேண்டும். குளோரின் தண்ணீரில் மீன் பிழைக்காது. ஆகவே தாதர்வாசிகள் ஆறா, மீனா என்று முதலில் முடிவு செய்வது நல்லது.

ஆறு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது கோராயில் 1998-இல் திறந்த வாட்டர் கிங்டம். அதன் மூத்த சகோதரனான எஸ்ஸெல்வேர்ல்ட் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. நீர்ப் பூங்கா தொடர்கிறது. வெஸ்டர்ன் லைனில் மலாடு அல்லது போரிவிலி வரை ரயில், பிறகு ஆட்டோ, பிறகு கழிமுகத்தைக் கடக்கப் படகு. பூங்கா ஆறு என்பது பம்புகள் தள்ளிக்கொண்டே இருக்கும் இடுப்பளவுத் தண்ணீர்; காற்றடைத்த ட்யூபில் உட்கார்ந்தால் அதுவே சுற்றிக்கொண்டு வரும். சின்னப் பிள்ளைகளும் நீச்சல் தெரியாதவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதுவே சரி. ஒரு சங்கடம் உண்டு. பருத்தித் துணியின் நூலும் சாயமும் வடிகட்டியை அடைத்துவிடும் என்று இத்தகைய பூங்காக்கள் நைலான் உடையைத்தான் அனுமதிக்கின்றன. புடவையோடு வந்த அம்மாக்கள் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு, நாள் முழுதும் பைகளுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்கும் ஓர் உடையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது வாடகையையும் மிச்சப்படுத்தும், வருத்தத்தையும்.

நிஜ ஆறு வேண்டுமென்றால் மும்பை–கோவா நெடுஞ்சாலையில் சுமார் 120 கி.மீ. தொலைவில் கோலாட் இருக்கிறது. அங்கே குண்டலிகா ஆற்றில் ரப்பர் படகுப் பயணம் நடக்கிறது. கோடையில் கொங்கண ஆறுகள் எலும்பும் தோலுமாகக் கிடக்க, இது மட்டும் காலை வேளைகளில் நுரை தள்ளி ஓடுவது எப்படி? மலைக்கு மேலே முல்ஷி அணையில் தேங்கும் நீர், பீரா மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. மின்சாரம் எடுக்கும்போது தண்ணீர் வரும். நிறுத்தினால் ஆறு இளைத்துவிடும். அதனால்தான் படகுக்காரர்கள் காலையிலேயே வரச் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் நிற்பவர்கள் பாறைகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்தத் தண்ணீருக்கும் தாதருக்கும் பழைய உறவு. பம்பாயின் ஆலைகளுக்கு மின்சாரம் தர டாட்டா நிறுவனம் முல்ஷியில் அணை கட்டியபோது, வயல்களை இழந்த விவசாயிகள் 1921 முதல் 1924 வரை சத்தியாகிரகம் நடத்தினார்கள். தலைமை தாங்கிச் சிறை சென்றவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். 'சேனாபதி' என்ற பட்டம் அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. தாதர் மேற்கில் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் தினமும் மிதிக்கும் சேனாபதி பாபட் மார்க் அவர் பெயரில்தான் இருக்கிறது. அணை நின்றது, பீரா நிலையம் 1927-இல் இயங்கத் தொடங்கியது. மூழ்கிய கிராமங்களுக்கு மேல் தேங்கும் நீரில்தான் இன்று மும்பைக்காரர்கள் ஆரவாரம் செய்கிறார்கள்.

வேகமான பகுதி முடிந்ததும் அமைதியான இடத்தில் உயிர்காப்புச் சட்டையோடு நீரில் குதித்து மிதக்க விடுவார்கள். பூங்கா ட்யூபில் கிடைக்காத சுகம் இது. ஆனால் சிறு பிள்ளைகளை ஏற்றுவதில்லை. பெரும்பாலும் 14 வயது கேட்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொண்டால், கரையில் ஒரு பையனை அழ வைக்க வேண்டியிருக்காது.

மீனுக்கு மால்வண்தான் போக வேண்டும். 1664-இல் சிவாஜி கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டையைச் சுற்றிய கடலில் பவளப் பாறைகள் உண்டு. 1987-இல் அறிவிக்கப்பட்ட கடல் சரணாலயம் இது. உள்ளூர்ப் படகுக்காரர்களே கண்ணாடியும் குழாயும் தந்து, கையைப் பிடித்துக்கொண்டு காட்டுகிறார்கள். மூக்கை மறந்து வாயால் மூச்சு விடுவதுதான் கடினம். கிளம்புவதற்கு முன் வீட்டு வாளியில் நாலு தடவை பழகிவிடலாம். பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது. ஏற்கெனவே கடல் சூடேறி அவை வெளுத்துவருகின்றன. மிதிபட்டால் உடைந்தும் போகும்.

தண்ணீர் தெளிவாக இருப்பது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மே விடுமுறையின் கடைசி வாரத்தை இதற்கு ஒதுக்குவது உசிதமல்ல. கடல் புரளத் தொடங்கும்; மழைக்காலத்தில் நீர் விளையாட்டுகளை மூடிவிடுவார்கள். 2022 மே 24 அன்று தார்கர்லிக்கு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 2 பேர் இறந்தார்கள். உயிர்காப்புச் சட்டை எண்ணிக்கை குறைந்தால், தலைகள் அதிகமாக இருந்தால், பேரம் பேசாமல் இறங்கிவிட வேண்டும். போன பணம் போகட்டும்.

மால்வணுக்குத் தாதரிலிருந்தே துதாரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. குடாளில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. நள்ளிரவு 12 மணி தாண்டிப் புறப்படும் வண்டி என்பதால், வெள்ளி இரவு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் சனிக்கிழமைத் தேதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.