அசலும் பிறிதும்

இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் மோட்டார் வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைக்காலத்தில் நம்மவர் ஹைபிரிட் கார்கள் முதுமையெய்தின. உதிரிப்பாகம் வாங்குங்கால் அசலை நாடுவதா, பிறர் செய்த மலிவானதை நாடுவதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது.

எல்லாவற்றிற்கும் அசலே வேண்டுமென்பது வீண்செலவு. கண்ணாடித் துடைப்பான், காற்று வடிகட்டி முதலியவற்றை நற்பெயர் பெற்ற பிற உற்பத்தியாளரிடமும் பெறலாம்.

உயரழுத்தப் பற்றரியின் நிலை வேறு. இரண்டாந் தலைமுறைப் பிரியஸ் காரில் 28 கலத்தொகுதிகள் தொடராக இணைந்து 201.6 வோல்ற் தருகின்றன. பழுதான ஒன்றை அகற்றி, வேறொரு பழைய காரிற் கழற்றியதைப் பொருத்தினால் எச்சரிக்கை விளக்கு அணையும், நோய் தீராது. வலிமை ஒவ்வாத தொகுதிகள் சேர்ந்தியங்கும்போது நலிந்தது விரைவிற் சாயும். ஆங்கே சிக்கனமே பெருஞ்செலவாய் முடியும்.

பட்டறை நடத்தும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்: பொருத்துவது அசலா, பிறிதா, பழையதா என்பதை மறையாது உரைத்துப் பற்றுச்சீட்டிலும் எழுதுக. தெரிவு செய்யும் உரிமை வாடிக்கையாளருடையது. உண்மை உரைக்கும் கடன் நம்முடையது.