அந்த வரியை அடித்துவிடாதீர்கள்

கவுன்சலிங் நேரம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். கட்-ஆஃப் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு, போன வருஷம் அந்தக் கல்லூரியில் எந்த ரேங்கோடு இடம் நிரம்பியது. விருப்பப் பட்டியலில் முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அடுத்து ஐ.டி., அடுத்து ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், அப்புறம் இ.சி.இ. நடுவில் பிள்ளை ஆசைப்பட்டுச் சேர்த்திருக்கும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன்' என்ற வரியைப் பார்த்ததும் நம் முகம் மாறுகிறது. "டிசைன்னா என்ன, படம் போடறதா? அதுக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்டணும்?" வரி போய்விடுகிறது. பிள்ளை வாயைத் திறப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக நாம்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு சென்ட் மனை வாங்க முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள் நாம். பிள்ளையின் படிப்பு விஷயத்தில் மட்டும் ஒரு பாடப்பிரிவின் பெயரைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கு இதில் கோபம்தான் வருகிறது, மறைக்கவில்லை.

அந்தப் படிப்பில் என்ன நடக்கிறது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். அக்கா மகள் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தீபாவளி லீவுக்கு வந்தவள் ராத்திரி முழுக்க லேப்டாப்போடு இருந்தாள். திரையில் ஒரு பட்டுப் புடவையின் முந்தானை, கொடியில் போட்ட மாதிரி தொங்கியது. காற்றில் அது ஆட வேண்டும். ஓடவிட்டால் இரண்டு நொடி அழகாக ஆடும். பிறகு திடீரென்று விறைத்து, விரிந்து, துண்டு துண்டாகத் திரைக்கு வெளியே பறந்துவிடும். மறுபடி ஓடவிடுவாள், மறுபடி சிதறும். எட்டிப் பார்த்த அக்கா, "இன்னும் கேம்தானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தத் துணி உண்மையில் ஒரு வலை. குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறை, பக்கத்துப் புள்ளியோடு அதை இணைக்க ஒரு ஸ்பிரிங். பிளஸ் ஒன்னில் நம் பிள்ளைகள் பரீட்சைக்காக உருப்போட்ட ஹூக் விதியும் நியூட்டனின் இரண்டாம் விதியும்தான் அதை ஆட்டுகின்றன. ஒவ்வொரு கணமும் ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகரும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணத்தைக் கொஞ்சம் நீளமாக எடுத்துக்கொண்டால் ஒரு படியில் விழுந்த சிறு பிழை அடுத்த படியில் பெருகி, அதற்கடுத்த படியில் இன்னும் பெருகி, துணி வெடித்துச் சிதறிவிடும். மிகச் சின்னதாக எடுத்துக்கொண்டால் துணி ஒழுங்காக ஆடும், ஆனால் கம்ப்யூட்டர் திணறும். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16 மில்லி நொடி சொச்சம்தான். இந்தச் சிக்கலுக்கு டேவிட் பாராஃப், ஆண்ட்ரூ விட்கின் என்ற இருவர் 1998-இல் ஒரு வழி சொன்னார்கள். புள்ளிகளின் அடுத்த நிலையையே தெரியாத எண்ணாக வைத்து, எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது. அதைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டில் படித்த நியூமரிக்கல் மெத்தட்ஸ் நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது.

விடியும் நேரத்தில் துணி சிதறாமல் நின்றது. அப்போதும் அவளுக்குத் திருப்தி இல்லை. "பட்டு இப்படி மடியாது சித்தி. இது காட்டன் மாதிரி தொங்குது பாருங்க. ஜரிகை இருக்கிற இடத்துல விறைப்பு கூடணும்" என்று பீரோவைத் திறந்து அவள் அம்மாவின் கல்யாணப் புடவையை எடுத்து மடித்து மடித்துப் பார்த்தாள். கணக்கு தெரிந்த கையும் புடவை தெரிந்த கண்ணும் ஒரே ஆளிடம் சேரும் இடம் இது. நாம் இதற்கு வைத்திருக்கும் பேர் "பொம்மைப் படம்".

இதெல்லாம் சினிமாக்காரர்கள் வேலை, இன்ஜினியர் வேலை இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ அவ்வளவு சின்ன அளவில் எப்படிச் சுருங்குகிறது? படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிடுகிறார்கள். ஜேபெக் படத்தின் அடிப்படை அதுதான். அந்தக் கொசைன் முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவர். அகமது பெங்களூரில் பொறியியல் படித்தவர். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-இல் பட்டம் வாங்கியவர். இந்த ஆராய்ச்சிக்காக 1972-இல் அகமது அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் பணம் கேட்டபோது, ரொம்ப எளிமையான யோசனை என்று மறுத்துவிட்டார்கள். பெரிய இடத்திலும் அவசரத் தீர்ப்புகள் நடக்கின்றன. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது 2019-ஆம் ஆண்டுக்கு எட் கேட்மல், பேட் ஹன்ரஹன் இருவருக்கும் கிடைத்தது முப்பரிமாண கிராபிக்ஸுக்காகத்தான். தூத்துக்குடிக்காரரான கொட்டலங்கோ லியோன் சிவகாசியில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், படங்களை ஸ்டூடியோவில் திரையிட்டுப் பரிசீலிப்பதற்கான மென்பொருளை உருவாக்கியதற்காக 2016-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதை வாங்கினார்.

வேலை நிலைக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான பயம், இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், அந்தப் படம் ஆஸ்கர் வாங்கிய அதே 2013 பிப்ரவரியில் திவாலானது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஏராளமான இளைஞர்கள் ஒரே வாரத்தில் வேலையிழந்து நின்றார்கள். இப்போது ஏ.ஐ. வேறு வந்து படம் போடுகிறது.

ஆனால் இந்தப் பயம் எந்தப் பக்கம் நம்மைத் தள்ள வேண்டும் என்று யோசியுங்கள். ஒரே ஒரு மென்பொருளின் பட்டன்களை மட்டும் கற்றுக்கொண்டவருக்கு, அந்த ஸ்டூடியோ மூடினால் அடுத்த கதவு இல்லை. கிராபிக்ஸைப் பொறியியலாகப் படித்தவருக்கு உண்டு. சி.டி. ஸ்கேன் துண்டுகளை அடுக்கி இதயத்தை முப்பரிமாணத்தில் காட்டுவதும், காரின் டேஷ்போர்டு திரையை வரைவதும், பைலட்டுகளுக்கான சிமுலேட்டரும் அடிப்படையில் அதே அணிகள், அதே வெக்டர்கள், அதே கிராபிக்ஸ் சிப். வி.ஆர். கண்ணாடியில் நொடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்கு 11 மில்லி நொடி. அது தவறினால் போட்டிருப்பவருக்குத் தலை சுற்றும், குமட்டும். அந்த 11 மில்லி நொடிக்குள் வேலையை முடிக்கத் தெரிந்த ஆள் எந்தத் தொழிற்சாலைக்கும் தேவைப்படுவார். அதனால்தான் இதைப் பல்கலைக்கழகப் பொறியியலுக்குள் படிக்கட்டும் என்கிறேன். ஆறு மாத கோர்ஸுக்கு லட்ச ரூபாய் கட்டச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இன்னொரு வகைப் பெற்றோரையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கணக்கில் மார்க் குறைந்த பிள்ளைக்கு "மல்டிமீடியா போதும், சுலபமாக இருக்கும்" என்று சேர்த்துவிடுபவர்கள். சுலபம் என்று யார் சொன்னது? லீனியர் அல்ஜீப்ரா இல்லாமல் திரையில் ஒரு கனசதுரத்தைக்கூடத் திருப்ப முடியாது. நாள் பூராவும் கேம் ஆடுகிற பையனுக்கு கேம் செய்கிற பொறுமை இருக்கும் என்பதும் இல்லை. அவன் இதுவரை சொந்தமாக எதையாவது செய்திருக்கிறானா, பாதியில் நின்றதாக இருந்தாலும் சரி, அதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்கெனவே கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப் பாடத்திட்டத்தில், மூன்றாம் ஆண்டில் எடுக்கும் விருப்பப் பாடங்களில் 'கிரியேட்டிவ் மீடியா' என்றே ஒரு தொகுதி இருக்கிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி, அனிமேஷன், வீடியோ எடிட்டிங், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேம் டெவலப்மென்ட் எல்லாம் அதில் வருகின்றன. கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஹானர்ஸ் பட்டமும் கிடைக்கும். இது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நாம் திட்டுவோம் என்று நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கிண்டி வளாகத்திலேயே ஊடக அறிவியலுக்கென்று ஒரு துறையும், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எலக்ட்ரானிக் மீடியாவில் ஐந்தாண்டுப் படிப்பும் இருக்கின்றன. டெல்லி ஐ.ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைனுக்கு பி.டெக். உண்டு.

பெயர் நன்றாக இருக்கிறது என்று எந்தக் கல்லூரியிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடவும் கூடாது. நேரில் போங்கள். ஆய்வகத்தில் கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் எத்தனை, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், கிராபிக்ஸ் பாடம் நடத்துபவர் கடைசியாக என்ன செய்தார், போன வருஷம் முடித்தவர்களின் புராஜெக்ட்டை ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். அக்கா மகளுக்காக நாங்கள் போன ஒரு கல்லூரியில், வரவேற்பறைச் சுவரில் வி.ஆர். கண்ணாடி மாட்டிய மாணவியின் படம் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்தது. ஆய்வகம் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தேட அரைமணி நேரம் ஆனது, உள்ளே கண்ணாடி அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்கப்படாமலே இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இன்னொரு கல்லூரி. மாலை ஆறு மணிக்கும் ஆய்வகத்தில் இடமில்லாமல் பிள்ளைகள் நின்றுகொண்டே ஒருவர் திரையை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் ஃபீஸ் ஏறக்குறைய ஒன்றுதான்.