காரை இறக்குமுன் ஒரு கணக்கு!

ஆட்டோமொபைல் பிரிவிலிருந்து ஒருவன் ஆண்டு மலருக்கு எழுதுகிறான் என்றால் எலெக்ட்ரிக் கார், எதிர்காலப் போக்குவரத்து என்று ஏதாவது எழுதுவான் என்றுதான் மலர்க் குழு நினைத்திருக்கும். மன்னிக்கவும். நான் எழுதப்போவது வெறும் ஸ்பிரிங்கைப் பற்றி. அதுவும் எங்கள் பழவேற்காட்டுக் குப்பங்களில் தினமும் ஓடுகிற கார்களின் ஸ்பிரிங்கைப் பற்றி!

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இப்போது ஒரு மோகம். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்னக் கார் வாங்கவேண்டியது, வாங்கிய கையோடு அதை 'லோயர்' பண்ணவேண்டியது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் அவர்களுக்குப் பொறுப்பதில்லை. "இன்னாடா இது, முட்டிக்கு மேல வேட்டி கட்டின மாதிரி நிக்குது" என்பார்கள். உயரம் குறைந்த ஸ்பிரிங் போட்டால் வண்டி தரையோடு தரையாக, பாய்கிற புலி மாதிரி ஆகிவிடுமாம்.

அழகு என்பது அவரவர் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. இறக்கினால் நன்மையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வண்டியின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிற பாரம் 5 சதவீதம் போலக் குறையும். பந்தய ஓட்டுனருக்கு அது பெரிய விஷயம். பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே போய்வருகிறவருக்கு? நீங்களே சொல்லுங்கள்.

என் கேள்வி வேறு. எங்கள் ஊரில் ஒரு கார் ஒருவருடைய கார் மட்டுமல்ல. விடியற்காலையில் அதன் டிக்கியில் நண்டுக்கூடையும் இறால் பெட்டியும் ஏறும். பகலில் பள்ளிப் பிள்ளைகள் ஏறும். ராத்திரி யாருக்காவது இடுப்பு வலி கண்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் அதே கார்தான் ஓடும். அப்படிப்பட்ட வண்டியில் சொகுசு என்பது பணக்காரச் சமாச்சாரம் இல்லை. பின் சீட்டில் படுத்திருக்கிற பிள்ளைத்தாய்ச்சிக்கு அது உயிர்ச் சமாச்சாரம்.

என் பெரியப்பா மகன் ஒருத்தர் போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ படிக்கிற புள்ளைதானே? வண்டியை ரெண்டு இஞ்ச் இறக்கலாம்னு கீறேன். குலுங்காம இருக்கணும். எந்த ஸ்பிரிங்கு வாங்கலாம், சொல்லு" என்றார். "அண்ணே, முதல்ல ஒரு கணக்குப் போடலாம்" என்றேன். "இதுல இன்னாடா கணக்கு!" என்று சிரித்தார். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம்!

ஒரு சின்னக் காரின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 1 மி.மீ. அமுங்க 5 கிலோ பாரம் வேண்டும். காலி வண்டியாக நிற்கும்போது சக்கரம் மேலே போய் ரப்பர் ஸ்டாப்பரில் இடிப்பதற்கு 100 மி.மீ. இடம் இருக்கிறது. கணக்குக்காக எடுத்த முழு எண்கள்தான். உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இப்போது பின்னால் மூன்று பேர், டிக்கியில் ஒரு கூடை, ஆக 250 கிலோ ஏறியாயிற்று. 250-ஐ 5-ஆல் வகுத்தால் 50. வண்டி 50 மி.மீ. உட்கார்ந்துவிட்டது. பள்ளம் மேட்டுக்கு மிச்சம் இருப்பது 50 மி.மீ.

இதே வண்டியை, ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை மாற்றாமல், 40 மி.மீ. இறக்குங்கள். மிச்சம் எவ்வளவு? 10 மி.மீ.! ஒரு விரல் கனம்கூட இல்லை. முதல் குழியிலேயே 'டொம்'! அந்தச் சத்தம் கேட்டவுடன் "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டா இருக்கு" என்று நம்ம ஆட்கள் சொல்வார்கள். ஸ்பிரிங் அங்கே வேலையே செய்யவில்லை ஐயா! வண்டி ரப்பர் மேல் உட்கார்ந்துவிட்டது.

சரி, கெட்டியான ஸ்பிரிங் போட்டுவிட்டால்? 40 மி.மீ. இறக்கியபிறகும் பாரத்தோடு அதே 50 மி.மீ. மிச்சம் வேண்டுமென்றால், அந்த 250 கிலோவுக்கு வண்டி 10 மி.மீ. மட்டுமே அமுங்கவேண்டும். அதாவது மி.மீ.க்கு 25 கிலோ. பழைய ஸ்பிரிங்கைப்போல் ஐந்து மடங்கு! எங்கள் தாத்தா காலத்தில் வில்வண்டி, கட்டைவண்டி என்று இரண்டு இருந்தன. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வில்வண்டி, மூட்டை ஏற்றக் கட்டைவண்டி. ஐந்து மடங்கு கெட்டியான ஸ்பிரிங் போட்ட கார், ஏ.சி. வைத்த கட்டைவண்டி.

இதே கணக்கை 20 மி.மீ.க்குப் போடுவோம். ஸ்பிரிங் 25 சதவீதம் மட்டும் கூடுதல் கெட்டி, அதாவது மி.மீ.க்கு 6.25 கிலோ. காலி வண்டியில் 80 மி.மீ. மிச்சம். பாரம் ஏறினால் 40 மி.மீ. அமுங்கும். ஆக 40 மி.மீ. கையில் இருக்கிறது. முன்பு 50 இருந்த இடத்தில் 40. குலுங்கும் வேகமும் 12 சதவீதம்தான் கூடும், ஏனென்றால் அது கெட்டித்தன்மையின் வர்க்கமூலப்படி ஏறுவது. இதைத் தாங்கிக்கொள்ளலாம். 20 மி.மீ., போனால் போகிறது 25 மி.மீ. அதற்குமேல் கேட்கிறவர் சொகுசைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

குலுங்கும் வேகம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். பாரத்தில் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கி நிற்கிற வண்டி வினாடிக்கு 1 தடவை மேலும் கீழும் ஆடும். 11 செ.மீ. அமுங்கி நின்றால் வினாடிக்கு 1.5 தடவை. பயணிகள் கார்களை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் வடிவமைக்கிறார்கள். மேல்கீழ் அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 வரை உள்ளவை உட்கார்ந்திருக்கிற மனித உடம்பை அதிகம் வருத்தும். வயிறும் முதுகும் அந்த வேகத்தில்தான் சேர்ந்து ஆடுகின்றன. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்க ஆக்க நாம் போய்க்கொண்டிருப்பது அந்தத் திசையில்.

முன்பக்கம் மட்டும் இறக்கி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு போகிற வண்டிகளையும் பார்க்கிறேன். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போன மாரிஸ் ஆலி என்கிற இன்ஜினியர், 1932 வாக்கில் ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைக் கட்டி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி, உள்ளே உட்கார்ந்தே சோதித்தார். முன் ஸ்பிரிங் கொஞ்சம் மென்மையாகவும், பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடுவதாகவும் இருந்தால் வண்டி சமமாகப் போகிறது என்று கண்டார். காரணம் எளிது. மேடு முதலில் முன்சக்கரத்தில் படுகிறது. பிறகு பின்சக்கரத்தில். தாமதமாக ஆடத் தொடங்குகிற பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். முன் ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் இந்த உறவு தலைகீழாகி, வண்டி அலையில் போகிற படகு மாதிரி மூக்கும் வாலுமாக ஆடும். படகில் ஆடிவிட்டுக் கரைக்கு வருகிறவனுக்குக் காரிலும் அதே ஆட்டமா?

ஸ்பீட் பிரேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் நீளமுள்ள கார் இதன்மேல் நடுவாக நிற்கும்போது நாலு சக்கரமும் வளைவின் மேலேயே இருக்கும். அதனால் அடிவயிற்றுக்குக் கீழே நாம் இழப்பது சுமார் 42 மி.மீ.தான். 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள கார் 40 இறக்கியும் தாராளமாகத் தாண்டும். ஆனால் நம் ஊர்களில் அப்படியா போடுகிறார்கள்? இரண்டடி அகலத்தில் முக்கால் அடிக்குக் கொஞ்சம் கம்மியாக, தார் கொட்டிக் குவித்து, பெயின்ட்கூட அடிக்காமல்! அதில் முன்சக்கரம் இறங்கித் தரைக்கு வந்துவிடும். பின்சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. முழு உயரமும் ஆயில் சம்ப்புக்கும் சைலன்சருக்கும்தான். விதியைப் பார்த்து ஸ்பிரிங் வாங்காதீர்கள், உங்கள் தெருவைப் பார்த்து வாங்குங்கள். காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து கடலோரமாக வருகிற சாலையில் மழைக்காலத்துச் சீற்றத்தில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும். லாரிச் சக்கரம் போன தடம் பள்ளமாகவும் நடுவில் மணல்மேடுமாகக் கிடக்கும். இறக்கிய கார் அங்கே வயிற்றால் உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் இறக்கியே தீருவேன் என்கிறவருக்கு: உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்காக வாங்குங்கள். இறக்கம் எத்தனை மி.மீ., கெட்டித்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். சுருள்கள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் உள்ள ஸ்பிரிங், முதலில் மென்மையாக அமுங்கிப் பாரம் ஏற ஏறக் கெட்டிப்படும். தினசரி ஓட்டத்துக்கு அதுதான் கொஞ்சம் தேவலை. கெட்டியான ஸ்பிரிங்கை எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த ஷாக் அப்சார்பரோடு போடுவது வீண். ஸ்பிரிங் திருப்பி உதைக்கும், அடக்குவதற்கு ஆள் இருக்காது. மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். இல்லையென்றால் டயரின் உள்விளிம்பு தேயும். ஹெட்லைட்டின் குறியையும் திருப்பவேண்டும். கூடவே பட்டை டயர் போடுகிற ஆசை வந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். டயரின் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வாங்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், குப்பத்து வண்டிக்கு ஸ்பிரிங் வாங்கும் பணத்தில் நல்ல ஷாக் அப்சார்பர் நாலு போடுங்கள். வண்டி இறங்காது, ஆனால் ஆட்டம் அடங்கும். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப பார்க்க நல்லாருக்காதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மீன் ஏற்றுகிற குட்டி யானைக்காரர்களோ பிளேட் கூட்டிப் போட்டு வண்டியைத் தூக்குகிறார்கள்! அவர்கள் செய்வதும் சட்டப்படி சரியில்லை. ஆனால் பாரம் தூக்குகிறவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பாருங்கள்.

கடைசியாக, பணம் மிச்சம் என்று இருக்கிற ஸ்பிரிங்கையே அறுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது எங்கள் பக்கம் அதிகம். வேலை செய்கிற சுற்று 6 இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் கெட்டித்தன்மை 20 சதவீதம் கூடும், அது கணக்கு. கணக்கில் வராதது வேறு. கேஸ் கட்டிங் சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். சக்கரம் குழிக்குள் தொங்கும்போது, நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் தட்டிலிருந்து நழுவலாம். அறுத்த முனையில் பூச்சு கிடையாது. எங்கள் ஊர்க் காற்றோ உப்புக் காற்று. படகு இன்ஜின் போல்ட்டையே பொரிபொரியாக உதிர்க்கிற காற்று. துரு அரித்த சின்னக் குழி ஒன்று போதும், அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். அந்தக் கடைசிச் சுற்று உட்காருகிற தட்டில் ஈர மணல் தேங்கி நிற்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மேலே பளபளவென்று தெரிகிற சுருளை விட்டுவிட்டு, டார்ச்சைக் கீழே அந்தத் தட்டில் அடித்துப் பாருங்கள்.