கடலறிவும் கேட்கும் உரிமையும்

புல்மோட்டைக் கரையில் வாழும் மக்களுக்குக் கடலைப்பற்றி எவரும் பாடஞ் சொல்லத் தேவையில்லை என்று கூறுவாருளர். வாடை எப்போது எழும், சோளகம் எப்போது தொடங்கும், கரைவலையை எந்நேரம் வளைக்கவேண்டும் என்பனவற்றை அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்ளும் ஊர் அது. அந்த அறிவை நாம் இகழவில்லை. நூற்றாண்டுகளாக அதுவே அம்மக்களுக்குச் சோறு போட்டது. ஆனால், அவ்வறிவு ஓர் ஒழுங்கை நம்பி நின்றது. காற்றும் கடலும் தத்தம் முறையில் வந்துபோகும் என்பதே அவ்வொழுங்கு. இன்று அம்முறை பிறழ்கிறது. பிறழும் கடலைப் படிக்கக் கற்பிப்பவர் யார்? கற்றவர்க்குக் கேள்வி கேட்கும் துணிவை ஊட்டுபவர் யார்? இவ்விரண்டு வினாக்களையும் நாட்டின் முன் வைக்கவேண்டிய கடமை நமக்குண்டு.

2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு 'புரெவி' புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. 2025 நவெம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கை முழுவதையும் உலுக்கி, 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கிழக்குக்குப் புயல் புதிதன்று. 1964ஆம் ஆண்டுப் புயலையும் 1978ஆம் ஆண்டுப் புயலையும் நேரிற் கண்ட முதியோர் இன்னும் நம்மிடை உளர். ஆயினும், காற்று ஒரு பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக விதி. தாங்கிய நீரை அது மழையாகக் கொட்டியே தீரும். 1901க்கும் 2018க்குமிடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்துவிட்டது. ஒரு சாண் அளவுதானே என்று எண்ணுதல் தவறு. புயல் வரும்போது அலை அந்தச் சாணின்மேல் ஏறிக்கொண்டு வருகிறது. தாழ்ந்த கரையில் அது வீட்டு வாசலையும் கிணற்று நீரையும் தொட்டுவிடும். கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நிலைத்தால் முருகைக்கற்கள் வெளிறி மடியத் தொடங்கும். 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட நிலாவெளிப் புறாத்தீவின் முருகைப் பாறைகளுக்கும் இவ்விதியே. அவை மடிந்தால், அவற்றை அண்டி வாழும் மீனும் போய்விடும்.

புல்மோட்டைக்கோ இன்னொரு பொறுப்பும் உண்டு. அதன் கருமணலில் இல்மனைற்று முதலான கனிமங்கள் செறிந்துள்ளன. 1957ஆம் ஆண்டு அரசாங்கம் இதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைத்தது. அதன்பின் அந்த மணல் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. அத்தொழிலால் வாழும் குடும்பங்கள் பல. அதை மூடிவிடுக என்பது நமது கோரிக்கையன்று. அள்ளிய மணலுக்கு ஈடாக வாடைக்கடல் புதுமணலைக் கொண்டுவந்து சேர்க்கும் என்பர். காற்றும் அலையும் முறைமாறும் காலத்தில் அந்த ஈடு பழையபடி கிடைக்குமா? அளந்து பார்த்தாலன்றி இதற்கு விடையில்லை. அளப்பது யார்? அளந்த கணக்கை ஊருக்கு உரைப்பது யார்?

அறிவு உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நிலநடுக்கத்தின் விளைவு. காலநிலை மாற்றத்தின் விளைவன்று. எனினும், அது புகட்டிய பாடம் இங்கும் பொருந்தும். அன்று இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் ஒன்று சுமாத்திராவை அடுத்த சிமலூ. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தோர் எழுவரே. 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை மூதாட்டியர் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தனர். நிலம் நடுங்கியதும் அம்மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடித் தப்பினர். அவர்களைக் காத்தது, தம் தாய்மொழியில் தம் வீட்டில் கேட்ட பாடம்.

நம் பாடசாலைகளில் நடப்பது என்ன? யூன் 5ஆம் நாள் சுற்றாடல் தினம் வருகிறது. மரக்கன்று நடப்படுகிறது, சுவரொட்டி எழுதப்படுகிறது, பேச்சுப் போட்டியிற் பரிசும் வழங்கப்படுகிறது. மறுநாள் கன்றுக்கு நீருற்றுவாரில்லை. வடதுருவத்துப் பனி உருகுவதைப் பரீட்சைக்கு எழுதும் மாணவன், தன் ஊர்க் கரை கடந்த ஆண்டைவிட எத்தனை அடி பின்வாங்கியது என்பதை அறியான். இது கல்வியன்று, சடங்கு.

நாம் வேண்டுவது எளியது. கரையோரத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் அசையாத ஓர் அடையாளக் கல்லை நாட்டி, அங்கிருந்து அலைவாய் வரையுள்ள தூரத்தை மாதந்தோறும் மாணவரைக்கொண்டு அளப்பித்துப் பதிவேட்டில் எழுதுவிக்கட்டும். கிணற்று நீரின் உவர்ப்பும், மழையின் அளவும், வலையிற் பட்ட மீனின் வகையும் அதிலேயே ஏறட்டும். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த முதிய மீனவர் வகுப்பறைக்கு வந்து பேசட்டும். அவர் சொல்வதை மாணவர் எழுதி வைக்கட்டும். இதற்குக் கயிறும் கொப்பியும் போதும். பத்தாண்டு சென்றபின் அப்பதிவேடு எந்த அமைச்சின் அறிக்கைக்கும் இளைத்ததாயிராது. கொக்கிளாய்க் கடனீரேரியின் கண்டற் காடுகள் அலையின் வேகத்தைத் தணிப்பதையும், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாவதையும் மாணவர் நேரிற் கண்டு அறிதல் வேண்டும்.

அடுத்தது மொழி. 1956இல் தமிழ் பேசும் மக்கள் மொழியுரிமை கேட்டபோது, அது உத்தியோகத்துக்கான கூச்சல் என்று சிலர் ஏளனஞ் செய்தனர். இன்று புயல் எச்சரிக்கையை முன்னால் வைத்து அவ்வுரிமையை மீண்டும் சிந்தியுங்கள். நள்ளிரவில் கரையேறப்போகும் புயலைப்பற்றிய செய்தி ஒரு மொழியில் மாலையிலும் மறுமொழியில் மறுநாளும் வருமாயின், பிந்தியது எச்சரிக்கையாகாது. அது மரண அறிவித்தலே. தமிழும் அரச கரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பில் எழுதிற்று. எழுத்திலுள்ள அவ்வுரிமை வானிலை அறிவித்தலின் ஒவ்வொரு வரியிலும் அதே நிமிடத்தில் தமிழில் விளங்கவேண்டும். பள்ளிவாயிலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் உள்ள ஒலிபெருக்கிகள் அதை உடனே ஊருக்குச் சொல்ல ஏற்பாடு வேண்டும். இதிற் சலுகை எதுவும் நாம் கேட்கவில்லை. உயிர்வாழும் உரிமையையே கேட்கின்றோம்.

கற்றவன் வாய்மூடி இருந்தால் கல்வியால் ஊருக்குப் பயனில்லை. ஆகவே, கடலைப் படிக்கும் இளைஞர் சட்டத்தையும் படிக்கவேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் சராசரித் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்கிறது. அதனுள் அபிவிருத்தி வேலை செய்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாட்டின் பிரசை எவரும், காரணங் கூறாமலே, தமிழிலேயே தகவல் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி தம் முடிவைச் சொல்லியாகவேண்டும். எந்த அனுமதி எவருக்கு, எந்த நிபந்தனையுடன் வழங்கப்பட்டது, கரை அரிப்பைப்பற்றி என்ன அளவை உள்ளது என்று கேட்க ஒரு கடதாசியும் ஒரு பேனாவும் போதும்.

கேட்பதால் என்ன வரும் என்று சலித்துக்கொள்வோர் எப்பாவல வழக்கை நினைக்கவேண்டும். அநுராதபுர மாவட்டத்து அவ்வூரின் பொசுபேற்றை வெளிநாட்டுக் கம்பனியிடம் ஒப்படைக்க ஒப்பந்தம் தயாரானபோது, அவ்வூர் மக்கள் உயர் நீதிமன்றத்தின் படியேறினர். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, உரிய ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் மதிப்பீடும் இன்றி அத்திட்டம் நடைபெறலாகாது என்றது. இயற்கை வளங்களை அரசு மக்களின் பொருட்டுப் பொறுப்பேற்றுக் காக்கவேண்டும் என்ற கொள்கையையும் எடுத்துரைத்தது. அவ்வழக்காளிகள் சிங்கள மக்கள். மண்ணைக் காக்கும் சட்டத்துக்கு இனபேதமில்லை என்பதை நம் இளைஞர் அறியட்டும்.

"உலகை வெப்பமாக்கியவர் பெருநாட்டார், புல்மோட்டைப் பையன் என்ன செய்ய முடியும்?" என்று இன்னுமொரு கேள்வி எழும். குற்றத்தில் நம் நாட்டின் பங்கு மிகச் சிறிது என்பது மெய். அதனாலேயே நம் குரல் உரத்து ஒலிக்கவேண்டும். 2019இல் வனுவாற்றுத் தீவில் தென் பசுபிக் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் 27 பேர், தம் வகுப்பில் எழுந்த ஒரு வினாவை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல உறுதி பூண்டனர். அவர்களின் அரசாங்கம் அதைக் கையேற்றது. 2023 மார்ச் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வினாவை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்திடம் விடுத்தது. 2025 யூலை 23ஆம் நாள் அந்நீதிமன்றம், காலநிலையைக் காத்தல் அரசுகளின் சட்டக் கடமை என்று ஒருமனதாகக் கூறிற்று. அது ஆலோசனைக் கருத்தே, கட்டளையன்று. ஆயினும், இனி எந்த வல்லரசும் தனக்குக் கடமையில்லை என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. சிறு தீவின் வகுப்பறையொன்று இதைச் சாதித்தது.

1956 ஆகஸ்டில் உரிமைக் குரல் எழுப்பிக் கால்நடையாகவே திருமலைக்கு வந்து சேர்ந்தார்கள் தமிழ் பேசும் இளைஞர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அத்தனை தூரம் நடக்கவேண்டியதில்லை. தம் பாடசாலை வாயிலிலிருந்து கடற்கரைவரை கயிற்றோடும் கொப்பியோடும் மாதமொருமுறை நடந்தாற் போதும். அவர்களுக்கு வழிவிடவேண்டியது கல்வித் திணைக்களத்தின் கடன். கேட்டதற்கு விடையளிக்கவேண்டியது அரசாங்கத்தின் கடன். பிள்ளைகளின் பின்னால் நிற்கவேண்டியது பெற்றோரினதும் மீனவர் சங்கங்களினதும் கடன்.

கரை மணலை இறுகப் பற்றிக் காப்பது அடம்பன் கொடி. தனிக்கொடியை ஒரு குழந்தையும் பிடுங்கி எறியும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லிவைத்த நம் முன்னோர், கடற்கரையைப் பார்த்தே அதைச் சொன்னார்கள். இளைஞர்களே, திரளுங்கள்! அளந்து எழுதுங்கள், எழுதியதைக் கையிலேந்திக் கேளுங்கள்!