தொண்டு என்று சொல்லி விடிய விடிய வேலை வாங்காதீர்கள்

‘சேவை மனப்பான்மை உள்ளவர்கள் தேவை. இரவில் தங்க வேண்டும். மதிப்பூதியம் வழங்கப்படும்.’ வீடற்றோர் காப்பகங்களுக்கு ஆள் எடுப்பது ஏறக்குறைய இந்த வார்த்தைகளில்தான். சம்பளம் என்ற சொல் இருக்காது. சம்பளம் என்று எழுதினால் எவ்வளவு என்று கேட்பார்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள், கூடுதல் நேரத்துக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பார்கள். சேவைக்கு யாராவது கணக்குக் கேட்பார்களா?

நாங்கள் கேட்கிறோம். கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துச் சேரிகளில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல் பெருநகரத்துக்குப் போய், காப்பகங்களில் நைட் டூட்டி பார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறோம்.

ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு மணிக்குத்தான் வெளியே வரலாம். அறுபது பேருக்கு ஒரே ஆள். பத்து மணி வரை சாப்பாடு, பாய், போர்வை, பதிவேடு என்று ஓடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். குடித்துவிட்டு வந்தவரும் சர்க்கரை இறங்கி மயங்கியவரும் ஒரே மாதிரிதான் சுருண்டு கிடப்பார்கள். யார் எவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், தப்பினால் உயிர் போகும். புழு வைத்த புண்ணைக் கழுவ வேண்டும். படுத்த இடத்திலேயே போய்விட்ட பெரியவரைத் துடைத்து வேட்டி மாற்ற வேண்டும். ஒரு மணிக்கு ரோந்து வண்டி ஒருவரை வாசலில் இறக்கிவிட்டுப் போகும். பெயர் தெரியாது, பேசும் மொழி புரியாது. ஆம்புலன்ஸில் ஒருவரை ஏற்றினால் கூட யார் வருகிறீர்கள் என்று கேட்பார்கள். கூடப் போனால் மீதி ஐம்பத்தொன்பது பேரை யார் பார்ப்பது? விடிவதற்குள் யாராவது இறந்துபோனால் உடலைக் குளிப்பாட்டுவதும் நாம்தான், பிணவறை வாசலில் காத்திருப்பதும் நாம்தான்.

இதே வேலையை மருத்துவமனையில் வெள்ளை உடுப்போடு செய்தால் அது செவிலியப் பணி. அதற்குப் படிப்பு உண்டு, பதவி உண்டு, கையுறை உண்டு. காப்பகத்தில் நம்மவர் செய்தால் மட்டும் அது எப்படித் தொண்டு ஆகிறது? மலமும் சீழும் பிணமும் இருட்டும் சேர்ந்த வேலை யாருடையது என்று இந்த ஊர்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டன. சாவு சொல்லப் போக, தண்டோரா போட, களத்துக்கு ராக்காவல் இருக்க, சுடுகாட்டில் விழித்திருக்க என்று நம் தாத்தாக்களை எழுப்பினார்கள். கூலி கேட்டால் ‘உன் கடமைதானே’ என்றார்கள். தண்டோராவை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசின் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத 2022 ஆகஸ்ட் வரை ஆனது. கடமை என்ற சொல் போய் இப்போது சேவை வந்திருக்கிறது. எழுப்பப்படும் வீடு மட்டும் மாறவில்லை.

காப்பகத்துக்குள் சாதி கிடையாது, எல்லோரும் திக்கற்றவர்கள் என்று நிர்வாகிகள் மேடையில் பேசுவார்கள். உள்ளே வந்து பாருங்கள். மகன் துரத்திவிட்டான், நிலம் போயிற்று, மாற்றுத்துணி இல்லை. அந்த நிலையிலும் தண்ணீர் கொண்டுவந்த பையனிடம் ‘நீ எந்தூரு, எந்தத் தெரு’ என்று கேட்பவர் உண்டு. பதில் தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். வீடு போன பிறகும் போகாதது அது ஒன்றுதான். அந்தக் கேள்விகூட எங்களுக்குப் புதிதில்லை. அதற்கு நிர்வாகம் செய்ததுதான் நெஞ்சில் நிற்கிறது. ‘வயசானவர், அனுசரிச்சுப் போங்க தம்பி’ என்று சொல்லி, மறுநாள் முதல் அந்தப் பையனைச் சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து மாற்றிக் கழிப்பறைப் பக்கம் போட்டார்கள். அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்ததாகச் சொல்கிறது. அந்தக் காப்பகத்தின் ட்யூட்டி சார்ட்டில் அது ஒழியவில்லை.

தங்குமிடத்தின் சாதியை அண்ணலைவிட யார் அனுபவித்திருக்கிறார்கள்? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்து கம்போடு வந்தவர்கள் வெளியேறச் சொன்னார்கள். அடைக்கலம் தர நண்பர்களும் தயங்கினார்கள். கமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். வீடற்றோர் பிரச்சினை கூரையும் சுவரும் இல்லாத பிரச்சினை மட்டும்தான் என்று யாராவது வகுப்பெடுத்தால் இந்தப் பூங்காவை நினைவுபடுத்துங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு. வறுமை ஒருவனை அந்தக் கூலிக்குச் சம்மதிக்க வைத்தால், அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல. பன்னிரண்டு மணி நேர இரவுக்கு ‘மதிப்பூதியம்’ என்று கையில் திணிக்கும் தொகையை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அரசுப் பணத்தில் நடக்கும் நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்களுக்கான வழிகாட்டுதலே எட்டு மணி நேர ஷிப்டில்தான் பராமரிப்பாளர்களைப் பேசுகிறது. அங்கே காகிதத்தில் மூன்று பேர் என்றால் இங்கே தரையில் ஒருவர் நிற்கிறார். மற்ற இருவரின் சம்பளம் எங்கே போகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு பத்து ரூபாய் போதும். மாணவத் தோழர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

‘இப்படிக் கணக்குப் பேசினால் தெருவில் கிடப்பவர் சாக வேண்டியதுதானா?’ என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். கேள்வி நம்மிடம் வருவதே விசித்திரம். டம்ளரைக் கீழே வைத்தவரையும் நாங்கள்தான் தூக்கி உட்கார வைத்தோம், இனியும் வைப்போம். தூங்காமல் கண் எரிய நிற்கும் ஒருவனிடம் அறுபது உயிர்களை ஒப்படைத்ததால்தான் ஆபத்து. அங்கே இரண்டாவது ஆளைப் போட மறுப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். சட்டம் தெரிந்த ஆள் இருந்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100. மனநலம் குன்றித் தெருவில் திரிபவரைக் காவல் நிலையம் தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, குடும்பத்தைத் தேட வேண்டும். காப்பக வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்புவது அந்தப் பிரிவில் இல்லை. இதைச் சொல்லித் தடுக்க இரவுப் பணியாளருக்குப் பயிற்சி வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். நாளை வேலை இருக்குமா என்று பயப்படுபவர் காக்கியிடம் சட்டம் பேச மாட்டார்.

நம் ஊருக்குக் காப்பகமே இல்லை, இங்கே எதற்கு இந்தப் பேச்சு என்று தோன்றலாம். அதனால்தான் பேசுகிறோம். உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் பெருநகரங்களைத்தான் பார்த்தது. அதன்பின் வந்த திட்டமும் ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் இடம் என்று லட்சத்தில் எண்ணியது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். அதில் 8.3 லட்சம் பேர் கிராமப்புறத்தில் இருந்தார்கள். பெயரிலேயே ‘நகர்ப்புற’ என்று வைத்துக்கொண்ட திட்டத்தில் அந்த 8.3 லட்சம் பேருக்கு இடம் ஏது? அந்தக் கணக்குப்படி ராஜபாளையத்தில் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75 ஆயிரம் பேர். நகராட்சிகள் என்பதால் அவற்றைக் கேட்கவாவது வாய்ப்பிருக்கிறது. மதுரைச் சாலையில் வத்திராயிருப்புக்குப் பிரியும் கிருஷ்ணன்கோவில் எந்த லட்சத்தில் வரும்?

ஆனால் இரவு பஸ் ஸ்டாப்பில் படுத்திருப்பவர்கள் வருகிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏற வரும் கூட்டம் இந்த வழியாகத்தான் போகிறது. கூட்டம் கலைந்த பிறகு சிலர் மிஞ்சுவார்கள்: கூட்டிவந்தவர்கள் விட்டுப்போன கிழவிகள், நினைவு தப்பியவர்கள், திரும்பிப் போக வீடில்லாதவர்கள். டீக்கடைக்காரர் ஒரு வடை கொடுப்பார். கல்லூரி மாணவர்கள் சிலர் போர்வை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துப் போடுவார்கள். (படத்தில் அந்தக் கிழவியின் முகத்தை மறைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.) உடம்பு முடியாமல் போனால் அவரைத் தூக்க ஆள் தேடி மறுபடி சேரிக்குத்தான் வருவார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் தேதியில் கிருஷ்ணன்கோவில் வட்டாரத்து ஊராட்சிகளில் இரவுத் தங்குமிடம் கேட்டுத் தீர்மானம் வைப்போம். எத்தனை பாய் என்பதோடு எத்தனை ஆள், எத்தனை ஷிப்ட், என்ன சம்பளம், வேலைக்கு எடுப்பதில் இடஒதுக்கீடு உண்டா என்பதும் அதில் எழுதப்பட வேண்டும். ‘தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படும்’ என்று ஒரு வரியைச் செருகினால், அதை அடித்துத் திருத்திய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.